கோழி இறங்கட்டும்

ஒலுமடுவில் ஒரு கேம்பிரிஜ் கிடக்குது என்று
ஐஸ்பெட்டிக்காரன் சொல்லித்தான் தெரியும்.
பாலைமரத்துக்குக் கீழே, நாலு ரயரும் இல்லாமல்,
கல்லடுக்கில் வயிறு வைத்து.
பின்கண்ணாடி இருந்த வழியால்
குறிஞ்சாக் கொடியொன்று உள்ளே போய்
முன்சீற்றில் இலை விட்டிருந்தது.

புத்தகம் இல்லை என்றார் இரத்தினவடிவேலர்.
என்னுடையதுக்குப் புத்தகம் இருக்குது அண்ணை,
மற்றதெல்லாம்தான் இல்லை என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

மூன்றில் போட்டால் துப்பிவிடும் என் கியர்பொக்ஸ்.
ஒரு கையால் கம்பை அமத்திக்கொண்டு
மறு கையால் வளைவெடுத்துத்தான்
முத்தையன்கட்டு றோட்டில் இரண்டு வருசம் ஹயர் ஓடினேன்.
சாமத்தியவீட்டுக்கு ஏறினவர்கள் கேட்பார்கள்:
என்ன, நாம்பன் மாட்டையோ பிடிச்சுக்கொண்டு ஓடுறீங்கள்?

போனற்றைத் தூக்கினேன்.
எஞ்சினுக்குத் தலை இல்லை.
கிறீஸ் கருவாடாய்க் காய்ந்திருந்தது.
கியர்பொக்ஸ் இருந்தது.
பின்னச்சு இருந்தது.
இடப்பக்கக் கதவு இரண்டும், கைபிடியோடு, நீலமாய்.
முகத்தைச் சுளித்தபடியே நின்றேன்.
விலை பேசப் போனவனுக்கு அந்த முகம்தான்.

ஐம்பது என்றார். இருபத்தைந்து என்றேன்.
மண்ணெண்ணெயில ஓடின கார் தம்பி என்றார்.
அந்த நாளில ஓடாத கார் எது அண்ணை,
காபரேட்டருக்கு மூக்குத்துளி மாதிரிப் பெற்றோல் விட்டு
நாங்களும்தானே தள்ளித் தள்ளி...
பேச்சு வேறெங்கோ போகப் பார்த்தது.
இரண்டு பேருமாகப் பிடித்து நிறுத்தினோம்.
முப்பத்தி நாலு.

காசை எண்ணி முடிய
அவர் மனைவி குசினியிலிருந்து வந்து சொன்னா:
டிக்கிக்குள்ள கோழி அடை கிடக்குது.
பதினொரு முட்டை. வைச்சு ஆறு நாள்.
பொரிக்குமட்டும் காரை அசைக்கப்படாது.

கிணற்று மோட்டருக்கென்று வைத்த காசு அது.
கார் எங்கே என்றா திலகேஸ்.
கோழி இறங்கட்டும் என்றேன்.
பிறகு பதினைந்து நாளும் என்னோடு அவ கதைத்தது
வாளிக்கயிற்றைப் பற்றி மட்டும்.

ஒன்பது குஞ்சு.
ஒன்று கூழ். ஒன்றைச் சாரை கொண்டுபோனதாம்.
இரவல் ரயர் பூட்டி
மசியின் பின்னால் கட்டி இழுத்துவந்தோம்.
ஸ்டியரிங்கில் நான், பிறேக் இல்லை,
கரிப்பட்டமுறிப்புப் பள்ளத்தில்
செத்த கார் மசியை முட்டப் போனது.
கயிறு தொய்ந்து, இறுகி, தொய்ந்து,
சாமிகளையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

முதலில் கியர்பொக்ஸ்.
யூட் மாங்கொப்பில் செயின்புளொக் மாட்டி
ஒரு பகல் முழுக்கத் தூசணம் பேசி இறக்கினான்.
பிறகு வில்லுத்தகடு. பிறகு வைப்பர் மோட்டர்.
மாரியோடு என் இடப்பக்கக் கதவுகள் உக்கி விழ
நீலக் கதவுகள் ஏறின, சாம்பல் காருக்கு.
மிச்சத்தை இரும்புக்காரன் கிலோவுக்குக் கேட்டான்.
திலகேஸ்தான் மறித்தா.
அதன் போனற்றில் அவ மிளகாய் காயப்போட்டிருந்தா.

வைகாசியில் ஒரு விடிய ஹயர் வந்தது,
ஒலுமடுவிலிருந்து, மாங்குளம் ஆசுப்பத்திரிக்கு.
இரத்தினவடிவேலர், சீனி வருத்தம், கையில் கிளினிக் கொப்பி.
காரைச் சுற்றிவந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
முன்னால் ஏறிக்கொண்டார்.

அந்தக் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது.
யூட்டும் பார்த்துக் கைவிட்டது.
ஏறுகிறவர்களிடம் நானே சொல்லிவிடுவேன்,
சுத்தாதேங்கோ, உடைஞ்சுபோகும் என்று.
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் றோட்டைப் பார்த்தபடியே
கைபிடியைப் பின்னுக்கு அரைச் சுற்று,
உள்ளங்கையால் கதவில் ஒரு தட்டு,
பிறகு முன்னுக்கு.
முழுதாய் இறங்கியது கண்ணாடி.

காற்று வந்தது. மூன்றாம் கியர் துப்பவில்லை.
மாங்குளம் மட்டும்
குஞ்சுகளைப் பற்றித்தான் கதைத்தோம்.
ஆறு பேடு, மூன்று சேவல்.
இறங்கும்போது காசை எண்ணித் தந்தார்.
நானும் எண்ணித்தான் வாங்கினேன்.