நொடிமுள்

டிசம்பரில் தார்த்து நகரம்
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
என் திரை அதற்கும் முன்னால்.
நாற்பத்தொரு கறுப்புச் சதுரங்கள்,
ஒவ்வொன்றிலும் வெள்ளையாய் ஒரு பெயர்:
பெயர்ப்பலகையை மாட்டிவிட்டு
ஆட்கள் வெளியே போய்விட்ட வீடுகள்.

பத்தொன்பதாம் பக்கம். போலி ரசீதை அறிவது எப்படி.
சில்லறையே இல்லாத தொகை,
வெள்ளிக்கிழமை மாலையில் பிறக்கும் அவசரம்,
போன வாரம்தான் மாறிய வங்கிக் கணக்கு.
செவிடன் காதில் சங்கு என்பார்கள்.
சங்கென்றால் அக்கம்பக்கத்துக்காவது கேட்டிருக்கும்.

பத்து நிமிடம் அம்புக்குறி அசையாவிட்டால்
மென்பொருள் ஒரு பெட்டியை எழுப்பும்:
இன்னும் இருக்கிறீர்களா?
இன்று யாருக்கும் அது எழவில்லை.
வருகை நூறு சதவீதம்.

பதினாறு வருடம் தணிக்கையில் இருந்தவள்.
நூறு சதவீதம் என்று கண்டால்
எனக்குப் பல் கூசும்.

பக்கங்களை மூடினேன்.
"இங்கே இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள்."

யாரோ ஒலியை அணைக்க மறந்திருந்தார்கள்.
ஒரு நாய் தண்ணீர் குடித்து முடிக்கும் வரை
கேட்டுக்கொண்டிருந்தோம், நானும் அந்த வீடும்.

"எங்கேயும் எழுத மாட்டேன்.
எப்படி ஏமாற்றினீர்கள், அது மட்டும் போதும்.
நான் எப்படிப் பிடித்திருக்க வேண்டும் என்றும்
சொன்னால் நல்லது."

ஹெல்துர்தான் முதலில். மரக் கூட்டுறவின் கணக்கர்.
"பழைய கைக்கடிகாரம் ஒன்று.
அதன் முகத்தின் மேல் மவுஸை வைத்தேன்.
நொடிமுள் சுற்றச் சுற்ற அம்புக்குறி துடிக்கும்.
நான் விறகு பிளந்துகொண்டிருந்தேன்.
காபிக்கு உள்ளே வந்தவன், மாட்டிக்கொண்டேன்."

ஊர்வே, மகனை உட்கார வைத்திருந்தாள்.
மணிக்கு ஐம்பது சென்ட்.
"அது கூட்டுச்சதி" என்றார் ஒருவர்.
"கூலி குறைவு, சீக்கிரம் காட்டிக்கொடுப்பான்"
என்றார் இன்னொருவர்.
சதுரங்கள் முகம் கழுவிக்கொண்டு வரத் தொடங்கின:
ஒரு சமையலறை,
நிறுத்தி வைத்த காரின் உட்புறம்,
பாதி பின்னிய பச்சைக் கையுறை.

பிறகு வெய்க்கோவின் சதுரம்.
அதில் ஒரு பெண்.
"நான் வெய்க்கோ இல்லை. அவர் மைத்துனி, ஹெல்வி.
அவர் பல் மருத்துவரிடம்.
சும்மா உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன்.
ஒன்று கேட்கலாமா?
பத்தொன்பதாம் பக்கத்து ரசீதில்
கூட்டல் தொண்ணூறு யூரோ இடிக்கிறதே?"

இடிக்கும். நான் வைத்த இடறல் அது.
மூன்று வகுப்புகள் அதைத் தாண்டிப் போயின,
நூறு சதவீத வருகையோடு.
நாற்பத்தொரு பேரில் வகுப்பைக் கேட்டது
ஆள்மாறாட்டம் செய்தவள் ஒருத்திதான்.

அதன்பின் என்னைப் பேச விடவில்லை.
அழுத்தம், வாய்ப்பு, மனம் சொல்லும் சமாதானம்,
எந்தத் திருட்டுக்கும் இந்த மூன்று கால் என்று
இருபத்துமூன்றாம் பக்கத்தில் ஒரு முக்கோணம் வைத்திருந்தேன்.
அவர்களே அதை ஹெல்துரின் விறகில் கண்டுபிடித்தார்கள்.
விறகு, கடிகாரம்,
'எப்படியும் குறிப்புகளை அனுப்பத்தானே போகிறார்கள்'.
கடைசியில் ஹெல்துரே சிரித்தார்,
கொஞ்சம் தாமதமாக.

ஆறு மணிக்கு எல்லோரும் போனார்கள்.
எனக்குப் படிவம் வந்தது.
அனைவரும் முழு நேரமும் பங்கேற்றார்களா?
ஆம். இல்லை.

ஜனவரியில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும்.
சரிபார்க்க யாருமில்லை.
எழுத மாட்டேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்,
மேலும் எந்த வகுப்பும்
இன்றைக்குப்போல் கற்றதில்லை.
எண்ணிப் பார்த்தேன். மூன்று.

ஜன்னலுக்கு வெளியே
பனி வழிக்கும் வண்டி ஒன்று
தெருவைக் கடந்து போனது, திரும்பி வந்தது.
இரண்டு கட்டங்களுக்கும் நடுவில்
என் அம்புக்குறி.

திரையில் ஒரு பெட்டி எழுந்தது:
இன்னும் இருக்கிறீர்களா?