தெபனேர்

கிரான்பிக்கு நான் வந்தது ஜனவரியில்.
தேவாலயத்தில் கொடுத்த பூட்ஸ் ஓர் அளவு பெரிது.
பழைய செய்தித்தாளைக் கசக்கி
முனையில் திணித்துக்கொண்டேன்.
அந்த மாதம் முழுக்க
என்னிடமிருந்த பிரெஞ்சு அவ்வளவுதான்,
அதுவும் கால்விரல்களுக்குத்தான் தெரியும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நீலப் படிவம்.
நடுநடுவே எங்கள் ஸ்பானியச் சொற்கள்
கூட்டத்தில் ஊர்க்காரர் முகம்போல எட்டிப்பார்த்தன.
'நோம்ப்ரே' என்றால் எங்களுக்குப் பெயர்.
கண்டதும் வயிறு குளிர்ந்து, அடுத்த சொல்லைப் பாராமல்,
யோர்லாதிஸ் மருலாந்தா என்று
சுழித்துச் சுழித்து எழுதிக் கொடுத்தேன்.
கிலேன் அம்மையார் கண்ணாடியை ஏற்றிப் படித்தாள்.
படித்துவிட்டு எட்டி
என் நாற்காலிக்குப் பின்னால் பார்த்தாள்.
அது இங்கே எண்ணிக்கையாம்.
பிள்ளைகள் எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள்.

மனிசாலேஸில் பதினோரு வருடம்
லிஃப்டுகளுக்கு வைத்தியம் பார்த்தவள் நான்.
பதினான்கு மாடி இருட்டுக்குள் தொங்கிக்கொண்டு
கம்பிவடத்தின் முனகலை வைத்தே நோயைச் சொல்வேன்.
'சுபீர்' என்றால் எங்களுக்கு மேலே ஏறுவது.
இங்கே அதே எழுத்து, அதே வரிசை,
பொருள் மட்டும்: பட்டுத் தொலைப்பது.
அகராதியில் அதைப் பார்த்த இரவு
அடுத்த அறைக்காரி சுவரைத் தட்டும்வரை சிரித்தேன்.

அகராதி பாரிஸில் அச்சானது.
வினையே அதுதான்.

பெரிய தெருவின் முனையில் ஒரு பலகை:
தெபனேர்.
கையுறையை உருவிப் பக்கம் புரட்டினேன்.
பழுது நீக்குபவர், என்றது அகராதி.
அட என் தெய்வமே,
பலகை எழுதியல்லவா கூப்பிடுகிறார்கள்.
பனியில் இருமுறை சறுக்கி அறைக்கு ஓடி
கருவிப்பெட்டியோடு திரும்பி வந்தேன்.

உள்ளே பால். ரொட்டி. பீர்.
லாட்டரிச் சீட்டு. கார்க் கண்ணாடியில் உறைபனி சுரண்டும் தகடு.
வானொலியில் ஹாக்கி கேட்டுக்கொண்டிருந்தவர்முன்
பெட்டியை வைத்துத் திறந்தேன்.
அவர் மெல்ல
இரண்டு கைகளையும் தூக்கினார்.

'நோன், நோன்' என்றேன். அது ஒன்று தெரியும்.
ஸ்பானரை எடுத்து என் நெஞ்சில் வைத்தேன்.
வெளியே பலகையைக் காட்டினேன்.
மறுபடி நெஞ்சைக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் ஆயிற்று அவருக்கு.
பிறகு சிரித்தார் பாருங்கள்,
பால் வாங்க வந்தவளும் சேர்ந்துகொண்டாள்.
கியூபெக்கில் அந்தப் பெயர் பெட்டிக்கடைக்கு.
பெட்டிக்கடைக்குப் பெட்டி கொண்டுவந்தவள்
காது எரிய மூடியைச் சாத்தினேன்.
குளிரில் எரிந்ததென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது கடைக்கோடியில்
பீர் ஃபிரிட்ஜ் இருமியது.
கடக். கடக். கடக்.
அவர் அதைப் பார்த்தார், நான் அதைப் பார்த்தேன்.
இந்த நாட்டில் ஒரு வாக்கியம்
இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் விளங்கியது
அதுதான் முதல் தடவை.

விசிறியின் இறக்கை பனிக்கட்டியில் மோதுகிறது.
தலை உலர்த்தும் கருவி வேண்டும் என்பதை
என் தலையை வைத்தே நடித்துக் காட்டினேன்.
ரெஜான், அதுதான் அவர் பெயர்,
மாடிக்குப் போய் மனைவியுடையதைக் கொண்டுவந்தார்.
நாற்பது நிமிடம்.
சத்தம் நின்றபின் கடை
யாரோ போய்விட்ட வீடுமாதிரி இருந்தது.

இருபது டாலர், ஒரு பெட்டி பால்.
பிறகு கடிகாரத்தில் ஆறைத் தொட்டு,
நான்கு விரல் காட்டி,
மூலையிலிருந்த துடைப்பத்தையும் காட்டினார்.
காலை ஆறிலிருந்து நான்கு மணி நேரம்.
துடைப்பத்தைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை.
நினைத்தேன். சரி, ஆனாலும் தலையாட்டினேன்.

கிலேனிடம் புதுப் படிவம் வாங்கினேன்.
அந்தக் கட்டிடத்து லிஃப்டில் இன்னும்
'ஓடாது' என்று காகிதம் தொங்குகிறது.
கதவுத் தொடுமுனைதான் கோளாறு, வாசலிலிருந்தே தெரிகிறது.
தொடுவதற்கு உரிமம் வேண்டும்,
உரிமத்துக்குப் பிரெஞ்சு வேண்டும்.
படியேறினேன். சுபீர், இரண்டு மொழியிலும்.

பிள்ளைகள்: 2.
தொழில்: அங்கே பேனா நின்றது.
தெபனேர் ஆண்பால். பெண்பால் என்னவென்று
அகராதியைத் திறந்தேன்.
பழுதாகி நிற்கும் வண்டிகளைக்
கட்டி இழுத்துச் செல்லும் லாரி,
என்று போட்டிருந்தது.

அதையே எழுதினேன்.