தையல் வெளியே

பூச்சியத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
பேருந்து நிறுத்தத்தில் என் மகன்
கையுறைகளைக் கழற்றிப் பனியில் எறிகிறான்,
மூன்றாம் தடவை.
உலான்பாத்தரில், ஜனவரியில்,
வெறுங்கைக்குப் பத்து நிமிடம்தான் தவணை.

தொழில்வழிச் சிகிச்சை என்று எழுதித் தந்தார் மருத்துவர்.
"ஏழு வயசுப் பையனுக்கு என்னப்பா தொழில்?"
கொதிகலன் அறையில் பத்சூக் சிரித்தான்.
நானும் கூடச் சிரித்து வைத்தேன்.
அன்றிரவு நிலக்கரிப் பட்டை ஓட ஓட
எண்ணிப் பார்த்தேன்:
எழுவது, பல் துலக்குவது, சட்டைக்குள் தலை நுழைப்பது,
சீப்பு, கஞ்சியின் வழவழப்பு, காலுறை.
எட்டரை மணிக்குள்
இரண்டு ஷிப்ட் முடித்திருப்பான் அவன்.
நான் ஒன்றுதான்.

உயங்காவின் அறை பள்ளிக்கூடத்து அடித்தளத்தில்,
வெந்நீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில்.
கையுறை என்ற சொல்லையே அவள் எடுக்கவில்லை.
வாற்கோதுமை நிரம்பிய தொட்டியில் கைவிட்டு
ஆட்டுக் கணுக்கால் எலும்புகளைத் தேடினார்கள் இருவரும்,
மூன்று வாரம்.
பிறகு ஒருநாள் கம்பளத்தில் அவனைச் சுருட்டி
பெரிய பந்தால் மேலே அழுத்தி உருட்டினாள்,
மாவு தேய்க்கிற மாதிரி.
தடுக்க எழுந்துவிட்டாள் என் மனைவி.
உள்ளேயிருந்து குரல்:
"இன்னும்."
தோளைத் தொட்டாலே அலறுகிறவன்.
"இன்னும் கனமா."
நர்மந்தாக் உட்கார்ந்தாள்.
கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.
"பூ மாதிரித்தானே தொட்டேன் இத்தனை நாளும்"
என்றாள், யாரிடமென்று தெரியவில்லை.

வீட்டுப்பாடம்: தண்ணீர் வண்டியை அவன் தள்ளட்டும்.
மேட்டுத் தெருவில் குழாயடியிலிருந்து வீடுவரை
இருபது லிட்டர்.
சின்னப் பிள்ளையை வேலை வாங்குகிறேன் என்று
பேசிக்கொண்டார்கள்.
அன்று ராத்திரி
அவன் ஒரே மூச்சில் ஆறு மணிநேரம் தூங்கியதை
அவர்களிடம் போய் என்னவென்று சொல்ல?

ஒரு படிவமும் தந்திருந்தாள். எண்பத்தாறு கேள்விகள்.
அடுப்போரம் அவள் வாசிக்க, நான் குறியிட்டேன்.
தலை சீவினால் அழுவானா?
எப்போதும்.
மற்றவருக்குக் கேட்காத ஓசை கேட்கிறதா?
குழல்விளக்கு இரைகிறது என்பான். எப்போதும்.
காலுறைத் தையல் விரலை உறுத்துவதாகச் சொல்வானா?
எப்போதும், என்றாள் அவள்.
பேனா நின்றது.

மேஜைக்கடியில் என் கால்கள்,
நினைவு தெரிந்த நாளிலிருந்து
தையலை வெளியே திருப்பிப் போட்ட காலுறைக்குள்.
ராணுவத்தில் அதற்காக ஒரு சார்ஜன்ட்
வெறுங்காலோடு என்னை முற்றத்தில் நிறுத்தினான்.
குறிப்பேட்டில் 'அசிரத்தை' என்று எழுதினான்.
நானும் அதை நம்பிவிட்டேன்.

முதல் நாள் அலுவலகத்தில் கேட்டார்கள்,
குடும்பத்தில் வேறு யாருக்காவது?
இல்லை என்றேன். கொஞ்சம் கோபமாகவே.

எழுந்துபோய் விளக்கை அணைத்தேன்.
எத்தனை பெரிது, எங்கள் ஒற்றை அறை.
"என்ன ஆச்சு?" என்றாள் இருட்டில்.
"இரையுது," என்றேன்.

இன்று, மூன்றாம் தடவை குனிந்தபோது,
கையுறைகளை உள்வெளியாகப் புரட்டினேன்,
பல்லால் கடித்து, ஒவ்வொரு விரலாக.
சோத்பிலெக் பார்த்துக்கொண்டிருந்தான்,
என் முகத்தை விட்டுவிட்டு, நூல் முனைகளை.
வலது கை உள்ளே போனது.
இடது கை மாட்டேன் என்றது.
அதை என் கோட்டுப் பைக்குள் வாங்கி
அழுத்திப் பிடித்துக்கொண்டேன்,
பூ மாதிரி இல்லாமல்.

பக்கத்தில் நின்ற அம்மாள், நல்ல மனசு,
"பிள்ளைக்குக் கையுறை புறம் மாறிக் கிடக்கு" என்றாள்.
தெரியும் என்றேன்.

நாலாம் தடவை எறியவில்லை.
பேருந்து வந்து, ஏறி, கதவு மூடியதும்
எறிந்தான்.
உள்ளே கணகணப்பாக இருந்தது.
நியாயம்தான்.