அரிசி டிரம்

மாதத்தில் எனக்குத் தேதி என்றால் இருபதுதான்.
மற்றவையெல்லாம் அதற்கு முன், அதற்குப் பின்.
அன்றைக்குப் போர்ட்டல் சுற்றும்,
சுற்றிக்கொண்டே இருக்கும்.
காரைக்குடியில் உட்கார்ந்து
எவருக்கோ வரப்போகும் ஆறு இலக்கத்துக்குக் காத்திருப்பேன்.
"ஓடிபி வந்துச்சாண்ணே?"
"குளிச்சுக்கிட்டு இருக்கேன் மேடம்."

ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுப் படியிறங்கும்போது
சாத்தப்பன் சார் சொன்னார்,
"இனிமே ஒங்களுக்கு நீங்களே மொதலாளி."
சிரித்தேன்.
அந்த முதலாளி
இரவு பதினொன்றுக்கு என்னை உலுக்கி எழுப்புவாள் என்று தெரியாது.
முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில்
ஒரு தேக்குத் தூண் விற்றிருக்கிறார்கள்.
நூறு வயதுக்கு மேலென்றால் ஒரு கணக்கு,
கீழென்றால் வேறு.
தூணிடம் ஏது பிறப்புச் சான்றிதழ்,
தூங்கு என்றால் கேட்கமாட்டாள்.

நான் வாடகைக்கு இருப்பது
பெரிய வீடொன்றின் இரண்டு அறைகளில்.
வீட்டுக்குப் பதினேழு பங்காளிகள்.
ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு பூட்டு.
ஒரு சாவி சிங்கப்பூரில், ஒன்று அடையாற்றில்,
ஒன்று எங்கே என்று யாருக்கும் தெரியாது.
அந்த அறையைத் தாண்டித்தான் தினமும் குளிக்கப் போகிறேன்.

என் நாளுக்கும் பங்காளிகள் இருக்கிறார்கள்:
பலகாரக் கடை, கானாடுகாத்தான் ஹோட்டல்,
லேத் பட்டறை, இரண்டு மெடிக்கல்,
ஃபீஸில் பாதியை அரிசியாகத் தரும்
புதுவயல் மில்காரர்.

போன சனிக்கிழமை நாலு மணிக்குப்
போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி
அரிசி டிரம்மில் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தேன்.
ஆறுக்கு எடுப்பதாகப் பேச்சு,
எனக்கும் எனக்கும்.

நகம் வெட்டினேன்.
அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை.
வெள்ளிக்கிழமையே யோசித்து வைத்திருக்க வேண்டும்.
போன வருஷம் வாங்கிய நாவலை எடுத்தேன்.
பன்னிரண்டாம் பக்கத்தில் அடையாளமாக
ஒரு காப்பி பில்.
வரியைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தேன்.
போட்டிருந்தார்கள்.

நாலு நாற்பதுக்கு அரிசி நடுங்கியது.
தேன்கூட்டை விழுங்கிய மாதிரி உறுமியது தகரம்.
புதுவயல் அரிசிக்குள்ளிருந்து
புதுவயல்காரர்தான் கூப்பிடுகிறார்,
எடுக்காமலே தெரிந்தது.
நின்றது. மறுபடி.
ஒரு கை தானாக நீண்டது,
இன்னொரு கை அதைப் பிடித்து வைத்தது.
ஐந்து. ஐந்தேகால்.
ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஆறுக்குத் தோண்டினேன்.
தவறிய அழைப்புகள் பதினொன்று.
மில்காரர் எட்டு, பேங்க் இரண்டு,
கதிரேசன் ஒன்று.
கோவை ஹாஸ்டலில் இருக்கும் என் பையன்.
செமஸ்டர் தொடங்கியதிலிருந்து
அவனாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மில்காரர் கணக்குத் தாமதமானால்
நாளுக்கு ஐம்பது ரூபாய்.
பையனுக்கு எவ்வளவு என்று
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

"ஒன்னுமில்லம்மா, சும்மாதான்" என்றான்.
பின்னால் யாரோ கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.
"எடுக்கல. வேலையா இருப்பேன்னு விட்டுட்டேன்."
வேலையாக இல்லை.
நகம் வெட்டினேன் என்றா சொல்வது?
சொன்னேன்.
சிரித்தான்.
நாற்பது நிமிஷம் பேசினான்,
மெஸ் சாம்பாரைப் பற்றி,
பெண் விஷயமெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொண்டே
ஒரு பெண்ணைப் பற்றி.
நடுவே மில்காரர் இரண்டு தடவை குறுக்கே வந்து போனார்.

ஏழரைக்கு அவரைக் கூப்பிட்டேன்.
"என்ன மேடம், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"
"நல்லாத்தான் இருக்கேன்ணே. சனிக்கிழமை நாலு மணிக்கு மேல எடுக்கமாட்டேன்."
"அப்ப திங்கக்கிழமை வாரேன்."
"திங்கக்கிழமை சந்தைக்குப் போகணும்."
மறுமுனையில் கொஞ்ச நேரம்
மில் ஓடுகிற சத்தம் மட்டும்.
"செவ்வாக்கிழமை வாங்க.
வரும்போது அரிசி வேணாம்ணே,
ஃபீஸ பணமாவே குடுத்துருங்க.
டிரம்ல எடமில்ல."