தட்டிப் பார்த்தல்

கூட்டுறவுக் கிடங்கில் என் வேலை தட்டிப் பார்ப்பது.
பத்துக் கிலோ சீஸ் உருளையை விரல்முட்டியால் தட்டினால்
உள்ளே வெடிப்பா, காற்றா, நிறைவா
சத்தமே சொல்லிவிடும்.
சாவ் ஜோர்ஜ் தீவில்
இடலினாவை விட நல்ல காது
அவள் வீட்டு நாய்க்கு மட்டும்தான் என்பார்கள்.

அந்தக் காதோடு
நான்கு மாதமாய் விழித்திருக்கிறேன்.

சரக், சரக்.
ஈரத் தீப்பெட்டியில் குச்சி உரசுவதுபோல்
தொட்டில் துணியில் கன்னம் தேய்க்கிறாள் ஒடெட்.
பெல்மீரோவின் காலுறையை வெட்டிக்
கைக்கு உறை மாட்டினோம்.
உறை கழன்ற இரவுகளில்
விடியும்போது காதோரம் ரத்தப் பொருக்கு.

பூசை முடிந்து வெளியே வந்தால்
ஆளுக்கொரு வைத்தியம்.
கடல்நீரில் குளிப்பாட்டு என்றாள் ஒருத்தி.
உன் பாலை நிறுத்து, டப்பாப் பால் கொடு என்றாள்
என் மார்பைப் பார்த்தபடி இன்னொருத்தி.
அன்று முழுக்கச் சட்டைப் பொத்தானை
இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டே இருந்தேன்.

டெர்செய்ரா தீவிலிருந்து
மாதம் ஒருமுறை வருவார் மருத்துவர் கிராசியெட்,
மூடுபனி விமானத்தை இறங்க விட்டால்.
மூன்றாம் மாதம் விட்டது.
"முதலில் தோல். அப்புறம்தான் சாப்பாடு" என்றார்.
சிவந்த இடத்துக்கு எழுதிக்கொடுத்த களிம்பை
நான் பயந்து பயந்து கடுகளவு தடவி வந்ததைச் சொன்னேன்.
என் கையை வாங்கி
விரல் நுனியிலிருந்து முதல் கணு வரை பிதுக்கிக் காட்டினார்:
இவ்வளவு.
ஒரு கோடு வெள்ளை.
என் அச்சத்தின் நீளம் அவ்வளவுதானா என்றிருந்தது.

முக்கால்வாசி ஆறியது.
மிச்சக் கால்வாசி கன்னத்திலேயே நின்றது.
பசும்பாலாக இருக்கலாம் என்றார் அடுத்த முறை.
இருக்கலாம்.
மூன்று வாரம் பால், வெண்ணெய், சீஸ்
நீ விட்டுப் பார்.
பிறகு கட்டாயம் திரும்பச் சாப்பிடு;
சாப்பிடாவிட்டால் எதுவும் தெரியாது.

மனிதரை விட மாடுகள் அதிகமான தீவு இது.
ரொட்டியில் பால். சூப்புக் கட்டியில் பால்.
தொத்திறைச்சி உறையின் பொடி எழுத்திலும்
ஒளிந்திருக்கிறது பால்.
பரிசுத்த ஆவித் திருநாளில்
தட்டேந்தி வந்த லியோகாடியாவிடம்
இனிப்பு ரொட்டி வேண்டாம் என்றேன்.
திரிந்தது முகம்,
எலுமிச்சை விழுந்த பால் மாதிரி.

பருப்பும் மீனும் கிழங்கும் தின்று
மூன்று வாரம் கழித்தேன்.
பச்சை நோட்டில் தினமும் ஒரு வரி.
கன்னம் வெளுத்தது.
பாலை விட்டதாலா?
களிம்பாலா?
அந்த வாரம் மழை நின்று வெயில் அடித்ததே, அதனாலா?
நோட்டு மூன்றுக்கும் இடம் கொடுத்தது.

இருபத்திரண்டாம் நாள்
அடுக்களை மேசையில் ஒரு துண்டு சீஸ்.
இரண்டு வருடம் முன்பு
நானே தட்டி நிறைவென்று சொன்ன உருளை.
"நன்றாகத்தானே இருக்கிறாள், எதற்கு?" என்றான் பெல்மீரோ.
எதற்கென்று தெரியாமல்
ஆயுசு முழுக்கவா விட்டிருப்பேன்?
கடித்தேன். காரம், உப்பு, அப்புறம் அந்த வைக்கோல் வாசனை.
கண்ணீர் வந்தது, ருசியால்தான்.

முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் ஒன்றுமில்லை.
மூன்றாம் நாள் காலை
இடக்கன்னத்தில் ஒரு சிவப்பு,
காசளவு.
ஆக, பால்தான்.
வருத்தத்துக்கு முன்னால் வந்தது ஒரு நிம்மதி;
எதிரிக்குப் பெயர் கிடைத்துவிட்டதே.

எழுத நோட்டைத் திறந்தபோது
வாசலில் நின்றான் பெல்மீரோ,
கறவை முடித்துத் தாடியில் நுரை உலர.
"இடலினா, விடியற்காலை..."
என்ன?
"தூங்கிக்கொண்டிருந்தாள். முத்தம் கொடுத்தேன்."
எந்தக் கன்னம்?
யோசித்தான். தன் இடக்கையைப் பார்த்தான்.
தலை குனிந்தான்.

திட்ட வாயெடுத்துச்
சிரிப்புதான் வந்தது, பிறகு அவனுக்கும்.
நாய் குரைத்தது.
சிரிக்கும் காரணம் தெரியாமல்
உறை மாட்டிய இரண்டு கைகளையும் ஆட்டினாள்
ஒடெட்.

நோட்டில் எழுதினேன்: தெரியாது.
கீழே: மறுபடி, முதல் நாளிலிருந்து.

பாலூட்டித் தோளில் போட்டு
முதுகைத் தட்டுகிறேன் இப்போது.
எத்தனை உருளை கேட்ட காது இது.
ஒன்றும் சொல்லவில்லை அவள்.
ஏப்பம் மட்டும் விட்டாள்.