ஐந்தாவது லேன்

காலை ஆறேகாலுக்குக் கப்பலூர் டோல்கேட்டில்
கணக்கை ஒப்படைத்துவிட்டு
ஷேர் ஆட்டோவில் திருநகர் வந்து
நேற்றைய குழம்பைச் சுடவைக்காமலே தின்று
படுக்கிறேன்.
ஜன்னலுக்குப் பழைய ஃபிளெக்ஸ் பேனர்தான் திரை.
யாருக்கோ காதுகுத்து. தாய்மாமன்கள் வரிசையாகத்
தலைகீழாய்க் கும்பிட்டபடி வெயிலை மறைக்கிறார்கள்.

கண் சொருகும்போது முதலில் வருவது விழுதல்.
படியே இல்லாத இடத்தில் ஒரு படி.
வலது கால் மட்டும் அதை மிதிக்கப் போகும்,
கட்டில் அதிர எழுந்து உட்காருவேன்.
பிறகு மண்டைக்குள் ஒரு சத்தம்,
லாரி டயர் வெடித்த மாதிரி.
தெருவில் நாய்கூடத் திரும்பிப் பார்த்திருக்காது.
இரண்டும் பழகிவிட்டன.

பதினொன்றரை இருக்கும்.
மேல்வீட்டுக் குக்கர் நாலாவது விசில்.
எண்ணுகிறேன், ஆக விழித்துவிட்டேன்.
ஃபேனின் மூன்று இறக்கையும் தெரிகிறது,
ஒன்றில் ஒட்டடை.
எழப் பார்க்கிறேன்.
உடம்பு வரவில்லை.

கை கிடக்கிறது
சர்வர் படுத்துவிட்ட ராத்திரியில்
தூக்க மறுக்கும் தடுப்புக் கட்டையாக.
பின்னால் நின்று நானே
ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறேன்.
நாக்கு வேறு யாருடைய வாயிலோ.
வாசலில் செருப்புக் கழற்றும் ஓசை.
அப்புறம் நெஞ்சின்மேல் ஒருவர்
வந்து உட்காருகிறார்.
கனம் எவ்வளவு என்றால்
ஏற்றியவன் இறக்க மறந்துபோன
பருத்திக்கொட்டை மூட்டை.

'அமுக்குவான்டி முத்துப்பேச்சி,' என்றாள் பக்கத்து வீட்டு ஒச்சம்மா,
'தலமாட்டுல இரும்பு வையி.'
திருமங்கலத்து டாக்டர் சொன்னார்,
மூளை எழுந்துவிட்டது, உடம்புக்குத் தகவல் போகவில்லை,
அவ்வளவுதான், நைட் ஷிஃப்டை விட்டுவிடுங்கள்.
வீட்டுக்காரர் சொன்னார், மல்லாந்து படுக்காதே.
ஷிஃப்டை விடுவது தவிர எல்லாம் செய்தேன்.
தலையணைக்கடியில் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர்.
மூன்று வாரம் ஒருக்களித்தே படுத்தேன்.
விலாவின்மேல் உட்கார்ந்தது.

நானே கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு.
மொத்த உடம்பையும் கூப்பிடக் கூடாது.
இடது கால் சுண்டுவிரலை மட்டும் கூப்பிட வேண்டும்.
அது ஏமாளி, யார் கூப்பிட்டாலும் வரும்.
அது அசைந்தால்
பக்கத்து விரல் என்ன ஏது என்று எட்டிப் பார்க்கும்,
அப்படியே முழங்கால், இடுப்பு,
கடைசியில் வேண்டாவெறுப்பாய்க் குரல்.

ஐப்பசி மழை நாள் ஒன்றில் சுண்டுவிரலும் வரவில்லை.
தாய்மாமன்கள் முகத்தில் தண்ணீர் வழிந்தது.
ஒட்டடை ஆடுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
பயந்து பயந்து பயமே அலுத்துப்போயிருந்தது.
ராத்திரி முழுக்க எத்தனை பேரிடம் கேட்கிறேன்,
இவரிடம் கேட்டால் என்ன?
வாயில்லாமல் கேட்டேன்:

ஒரு தடவையா, போயிட்டு வரவா?

பதில் இல்லை.
மூச்சு மட்டும். என்னுடையதா அவருடையதா,
டீசல் வாடை அதில்.

ஃபாஸ்டாக் இருக்கா?

நெஞ்சின்மேல் பாரம் கொஞ்சம் நகர்ந்தது,
உட்கார்ந்தபடியே கைலியைச் சரிசெய்கிற மாதிரி,
ஒரு சங்கடத்தோடு.
பிறகு, தினமும் ஐந்தாவது லேனில்
கண்ணாடியைப் பாதி இறக்கி
என் முகத்தைப் பார்க்காமல் சொல்வார்களே,
அதே குரலில், காதுக்குள்:

'லோக்கல்.'

வயிறுதான் முதலில் குலுங்கியது.
சிரிப்பு தொண்டைக்கு வருவதற்குள்
கை தானாக உயர்ந்து நின்றது.
எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.
மேல்வீட்டில் யாரோ குக்கரைத் திறந்தார்கள், பருப்பு வாசம்.
ஸ்பேனரை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு
காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்,
வெகுநேரம்.
வாசலில்
செருப்பு மாட்டும் ஓசை கேட்கவில்லை.