முப்பது கட்டங்கள்

ஆராத்திலிருந்து திருமதி ஒட்டிலியா
நான்கு தலைமுறையைத் தபாலில் அனுப்பியிருந்தாள்.
சாம்பல்நீலக் குட்டி. விலை மூவாயிரம் லெய்.
முன்பணம் கட்டியாகிவிட்டது.

அப்பனின் அப்பன் பிராக் நகரில் பதக்கம் வாங்கியவன்.
தாய்வழியில் ஒரு டென்மார்க் சீமாட்டி,
பெயர் என் சமையலறை ஜன்னலைவிட நீளம்.
முப்பது கட்டங்கள்.
ஒன்றுகூடக் காலி இல்லை.

என் பிறப்புச் சான்றிதழில்
தகப்பன் என்ற இடத்தில் ஒரு கோடு இருக்கிறது.
அளவுகோல் வைத்துப் போட்டது.
கை நடுங்காத யாரோ ஒரு குமாஸ்தா.

"காப்பகத்தில் சும்மாவே கிடைக்குமே,
போய் ஒரு நடை பார்,
பிடித்ததை எடுத்துக்கொள்" என்றாள்
என்னோடு வேலை பார்க்கும் ஸ்மரான்டா.

ஒரு நடை.
அவளுக்கு எப்படித் தெரியும்?
ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைக் குளிப்பாட்டி
உயரப்படி வரிசையில் நிறுத்துவார்கள்.
கோட்டுப் போட்ட தம்பதிகள் ஒரு நடை நடப்பார்கள்.
சிரி என்பாள் விடுதிக்காரி,
உடைந்த பல் தெரியாமல் சிரி.
ஒன்பது வருஷம் சிரித்தேன்.
பிறகு உயரமாகிவிட்டேன்.

அதனால்தான் ஒட்டிலியா.
யார் பெற்றது என்று எவரும் கேட்க முடியாத ஒருத்தி
என் வீட்டுக்குள் வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கட்டுமே என்று.

ஆனாலும் போனேன்.
டிராமின் கடைசி நிறுத்தம். மூடுபனி.
கோர்னெல் என்ற பையன் கதவைத் திறந்தான்.
என் காலடி கேட்டு உள்ளே
எல்லாம் எழுந்து நிற்கிற சத்தம்.

நிலையைத் தாண்டவில்லை நான்.
"ஏதாவது ஒன்றைக் கொண்டுவா."
"பார்க்க வேண்டாமா?"
"வேண்டாம்."
"நிறம், வயசு?"
"வேண்டாம் தம்பி."
தலையைச் சொறிந்துகொண்டே போனவன்
வாழைப்பழப் பெட்டியில் ஓட்டை போட்டு எடுத்து வந்தான்.
உள்ளே கனம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.
படிவத்தில் பூர்விகம் என்ற இடத்தில் ஒரு கோடு.
இது வெறுங்கையால் போட்டது. வளைந்திருந்தது.

மூன்று நாளாக அலமாரிக்கு அடியில் இருக்கிறது.
ஆணா பெண்ணா என்று எழுதித்தான் கொடுத்தான்,
அவன் கையெழுத்து விளங்கவில்லை.
முன்பணம் திரும்ப வராது என்கிறாள் ஒட்டிலியா.
நியாயம்தான்.

நேற்று ராத்திரி தரையில் குப்புறப் படுத்து
முப்பது பெயரையும் அதற்கு வாசித்துக் காட்டினேன்.
சீமாட்டியிடம் மூச்சு வாங்கியது.
"இதில் நம்மாள் ஒருத்தரும் இல்லை" என்றேன்.

அடியிலிருந்து ஒரு தும்மல்.

நிறம் இன்னும் தெரியவில்லை.